இந்த லேப்டாப் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்? நீங்களே பார்த்துச் சொல்லலாம்

கடையில் மிஷினை மேஜைமேல் வைக்கும்போதே பாதிப் பேர் கேட்டுவிடுவார்கள்: "அண்ணாச்சி, இது இன்னும் எத்தன வருஷம் ஓடும்?" தூத்துக்குடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உப்புக்காற்று, வெயில், கரண்ட் ஏற்ற இறக்கம் மூன்றும் சேர்ந்த ஊர் இது. இங்கே தாக்குப்பிடிக்கிற மிஷின் எந்த ஊரிலும் தாக்குப்பிடிக்கும். அந்தக் கேள்விக்கு நான் எப்படிப் பதில் கண்டுபிடிக்கிறேன் என்பதை எழுதுகிறேன். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம், அரைமணி நேரம் போதும்.

ஒரே எண்ணாகச் சொல் என்றால் சொல்லிவிடலாம். முப்பதாயிரம், முப்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் பாடி மிஷின் நாலைந்து வருஷம். கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு வாங்கிக் கொடுக்கிற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் ரகம் ஏழெட்டு வருஷம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து. மேக்புக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். கேமிங் மிஷின் விலை அதிகம், ஆனால் சூட்டில் வேகிற பிழைப்பு அதற்கு. ஆறு வருஷம் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒரே மாடலில், ஒரே சமயத்தில் வாங்கிய இரண்டு மிஷினில் ஒன்று மூன்றாம் வருஷமே மதர்போர்டு போய் வருகிறது, இன்னொன்று எட்டாம் வருஷமும் டேலி என்ற கணக்கு மென்பொருளை ஓட்டிக்கொண்டிருக்கிறது. காரணம், உள்ளே இருக்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி ஆயுள். பேட்டரிக்கு ஒன்று, ஸ்க்ரீனைத் தாங்குகிற ஹிஞ்சுக்கு (கீல்) ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. இதில் எது முதலில் முடியப்போகிறது, அதை மாற்ற வழி இருக்கிறதா, மாற்றுகிற காசுக்கு மிஷின் தகுமா என்று பார்த்தால் பதில் வந்துவிடும்.

பிறந்த வருஷம் பாருங்கள்

பில்லில் இருக்கிற தேதியை முழுசாக நம்ப வேண்டாம். பண்டிகைத் தள்ளுபடியில் வருகிற மிஷின் பல சமயம் குடோனில் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்ததாக இருக்கும். பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தால், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருஷமும் அதில் அச்சிட்டிருக்கும். பெட்டி எடைக்குப் போயிருந்தால், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி தொடங்கிய தேதி தெரியும்.

அதைவிட முக்கியமானது பிராசஸர் எந்தத் தலைமுறை என்பது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் பெயர் முழுசாக வரும். இன்டெல் என்றால் கோட்டுக்குப் பிறகு வருகிற எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250யூ என்றால் எட்டு, ஐ5-1135ஜி7 என்றால் பதினொன்று. "ஐ5தான் அண்ணாச்சி, நல்ல மிஷின்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஐ5 என்பதை வைத்து ஒன்றும் தெரியாது. பத்து வருஷத்துக்கு முந்தைய ஐ5ஐவிட இன்றைய ஐ3 வேகமாக ஓடும்.

விண்டோஸ் முடிகிற தேதி

இரும்பு நன்றாக இருந்தும் காகிதத்தில் காலமாகிவிட்ட மிஷின்கள்தான் இப்போது கடைக்கு நிறைய வருகின்றன. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11க்கோ இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும். சில்லறை விதிவிலக்குகள் உண்டு, அவற்றை விட்டுவிடலாம். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன ஆப்பை இறக்கி ஓடவிட்டால், தகுதி இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். ஏஎம்டி பிராசஸர் உள்ளவர்கள் குழம்பாமல் அந்த வழியிலேயே போங்கள்.

ஆகவே ஏழாம் தலைமுறை மிஷின் வைத்திருப்பவருக்கு என் பதில், அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது. கணக்கு எழுதுகிறவர், டேலியை நம்பிப் பிழைக்கிறவர் என்றால் அவருக்கு விண்டோஸ் இல்லாமல் முடியாது. பேங்க் வேலையும் அதே மிஷினில் நடக்கும். அவருக்கு இந்த மிஷினின் ஆயுள் முடிந்தது, மாற்றத் திட்டமிடச் சொல்லிவிடுவேன். தகுதியில்லாத மிஷினில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிற கடைகள் இருக்கின்றன. ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் அந்த மிஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வியாபாரக் கணக்கு இருக்கிற மிஷினில் அந்த வேலையை நான் செய்து கொடுப்பதில்லை.

பள்ளிக்கூடப் பையனுக்கு, தட்டச்சுக்கு, படம் பார்க்க, இன்டர்நெட் பார்க்க என்றால் கதை வேறு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் அதில் வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கும். அதில் வந்த மிஷின்களை இன்னமும் ஆட்கள் கொண்டு வருகிறார்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இந்திய லினக்ஸ் சிஸ்டமும் சேர்ந்தே இருந்தது. முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிற்பாடு வந்த மாடல்களில் ராமை ஏற்றி, சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்டு, மின்ட் ஏற்றினால் வீட்டு உபயோகத்துக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் தள்ளலாம். முதல் தொகுதி மிஷின்களில் வீண் செலவு செய்யாதீர்கள். இன்றைய இணையப் பக்கங்களின் கனத்தை அவை தாங்காது.

மேக்புக் வைத்திருப்பவர்கள் ஆப்பிள் மெனுவில் அபவுட் திஸ் மேக் பாருங்கள். சிப் இன்டெல் என்று காட்டினால், 2025இல் வந்த டஹோ என்ற மேக்ஓஎஸ்தான் அந்த வரிசைக்குக் கடைசிப் பதிப்பு, அதுவும் எல்லா இன்டெல் மேக்குக்கும் கிடையாது. ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 தொட்டு மேலே உள்ளவர்களுக்கு இப்போதைக்குக் கவலை இல்லை. 2021 முதல் வெளிவந்த குரோம்புக் மாடல்களுக்குப் பத்து வருஷம் அப்டேட் தருவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்து வருஷம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் வெளிவந்த காலத்திலிருந்து என்பதை மறந்துவிடாதீர்கள்.

பேட்டரி: ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள்

"முன்ன மாதிரி சார்ஜ் நிக்கல" என்பதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். விண்டோஸே ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறது. தேடல் பெட்டியில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள், கறுப்புத் திரை வரும். அதில் பவர் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் ஒட்டுங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு முன்சாய்வுக்கோடு, அதை ஒட்டி பேட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். எங்கே சேமித்தது என்று அதுவே சொல்லும். அந்தக் கோப்பை பிரவுசரில் திறந்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது புதுசில் இருந்த கொள்ளளவு, இரண்டாவது இன்றைக்கு மிச்சமிருப்பது.

டிசைன் 42,000 என்றும் ஃபுல் சார்ஜ் 29,400 என்றும் இருந்தால் 70 சதவீதம் மிச்சம். மூன்று வருஷ மிஷினுக்கு இது நியாயமான எண். 80க்கு மேல் என்றால் பேட்டரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 50க்குக் கீழே போய்விட்டால் அதன் சரிவு வேகமாகிவிடும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைகிற சேட்டையெல்லாம் அப்போதுதான் தொடங்கும். அதே ரிப்போர்ட்டில் கீழே போனால் காலவாரியாகக் கொள்ளளவு எப்படி இறங்கியது என்ற பட்டியலும் இருக்கும். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். சீராக இறங்கியிருந்தால் வயசு. திடீரென்று ஒரு மாதத்தில் சறுக்கியிருந்தால் சூடு, அல்லது ஒரு செல் பழுது.

சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 சைக்கிள் வரை நன்றாக உழைக்கும். ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்கு 1,000 சைக்கிள் என்கிறது. சைக்கிள் என்பது எத்தனை தடவை சார்ஜர் சொருகினீர்கள் என்பதல்ல. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். தினமும் காலேஜுக்குத் தூக்கிப்போய் முழுசாகத் தீர்க்கிற பிள்ளைக்கு ஒன்றரை இரண்டு வருஷத்தில் தேய்ந்துவிடும். அது மிஷினின் குறையல்ல.

அதே நேரம், எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கிற ஆபீஸ் மிஷினில் சைக்கிள் ஏறாமலேயே பேட்டரி சாகும். நூறு சதவீதத்தில் நிற்பதும் சூடும் சேர்ந்தால் லித்தியம் செல்லுக்கு ஆகாது. இதற்கு ஒரு மருந்து இருக்கிறது: சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதி. லெனோவோவில் வான்டேஜ் ஆப்பில் கன்சர்வேஷன் மோடு, ஆசஸில் மைஆசஸ் ஆப்பில், டெல்லிலும் எச்பியிலும் பயாஸ் (மிஷின் தொடங்கும்போதே திறக்கிற செட்டிங்ஸ்) பகுதியில் பாருங்கள். மேஜையை விட்டு நகராத மிஷின் என்றால் இன்றைக்கே போட்டுவிடுங்கள். பைசா செலவில்லை, பேட்டரி ஆயுளில் ஒரு வருஷமாவது கூடும்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடி மூடி தரையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, அணைத்துவிட்டு, நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். அமுக்கிச் சரிசெய்ய, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற நினைக்காதீர்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். அது காற்றல்ல, எரியக்கூடிய வாயு. கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது.

மாற்றுப் பேட்டரி இரண்டாயிரம் முதல் நாலாயிரம் ரூபாய் வரை ஆகும். "ஒரிஜினல்" என்று சொல்லி விற்பதில் பாதி ஒரிஜினல் இல்லை. சோதிக்க வழி சுலபம்: போட்ட பிறகு நாலைந்து தடவை முழுசாக ஏற்றி இறக்கிவிட்டு அதே ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கொள்ளளவு வராவிட்டால் வாரண்டிக்குள் திருப்பிக் கொடுங்கள்.

டிஸ்க்

இங்கே அதிகம் பேச ஒன்றுமில்லை. சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான். பழைய மிஷின் மெதுவாக இருக்கிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் செய்து கொடுப்பது எஸ்எஸ்டி மாற்றும் வேலைதான். அதற்குமேல் ஆயுளைக் கூட்டுகிற செலவு வேறில்லை.

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துபோகும் என்று பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 150 டெராபைட் எழுதும் வரை வாரண்டி தருகிற கம்பெனிகள் உண்டு. தினமும் 20 ஜிபி எழுதினாலும் 7,500 நாள், அதாவது இருபது வருஷம். அதற்குள் மிஷினே இருக்காது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச ஆப்பைப் போட்டால் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டும். ஹார்டு டிஸ்க்காக இருந்து, ரீஅலொகேட்டட் செக்டர், கரண்ட் பெண்டிங் செக்டர் என்ற வரிகளால் மஞ்சள் நிறத்தில் காஷன் என்று வந்தால் முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். மிக மலிவான சில மிஷின்களில் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். 64 ஜிபி என்று இருந்தால் அநேகமாக அதுதான். அந்தச் சிப் போனால் மிஷினே போனதாகத்தான் கணக்கு.

ஹிஞ்ச்: மலிவு மிஷினைக் கொல்வது இதுதான்

என் கடைக்கு வருகிற மூன்று நாலு வருஷ மிஷின்களில் பிராசஸர் செத்தது அபூர்வம். ஹிஞ்ச் உடைந்து வருவதுதான் அதிகம். ஸ்க்ரீன் திறந்து மூடுகிற இரும்புக் கீல் உடைவதில்லை, அதைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக்தான் உடையும். உள்ளே சின்னச் சின்னப் பித்தளை நட்டுகளைப் பிளாஸ்டிக்கில் சூடாக்கிப் பதித்திருப்பார்கள். கீலில் தூசியும் துருவும் ஏறி இறுகிவிட்டால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த இழுப்பு முழுக்க அந்தப் பித்தளை நட்டுக்குப் போகும். ஒருநாள் அது பிடுங்கிக்கொண்டு வரும். அதன்பிறகும் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் மேல்மூடி விரியும், ஸ்க்ரீன் ஓரச் சட்டம் பிளக்கும், டிஸ்ப்ளே கேபிள் நசுங்கும், கடைசியில் ஸ்க்ரீனில் கோடு விழும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் முடிகிற வேலை ஏழாயிரம், எட்டாயிரத்தில் வந்து நிற்கும்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். மிஷினை அணைத்துவிட்டு, மெதுவாகத் திறந்து மூடுங்கள். நறுநறுவென்று சத்தம் வருகிறதா? ஹிஞ்ச் இருக்கிற மூலையில் ஸ்க்ரீன் ஓரச் சட்டம் விலகி நகம் நுழைகிற அளவு இடைவெளி தெரிகிறதா? ஸ்க்ரீனைத் தூக்கும்போது கீபோர்டு பக்கமும் சேர்ந்து எழும்புகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே கடைக்குக் கொண்டுபோங்கள். திறந்து, கீலின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பதிந்த நட்டுகளை எபாக்சி பசை போட்டு நிறுத்திவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். முழுசாக உடைந்துவிட்டால் மேல்மூடி, கீபோர்டு சட்டம் என்று பேனலையே மாற்ற வேண்டும். மலிவு மாடல்களுக்கு மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேனல் கிடைப்பதும் சிரமம். செத்த மிஷினிலிருந்து கழற்றியதைத்தான் தேட வேண்டியிருக்கும்.

ஹிஞ்சைக் காப்பாற்ற ஒரே பழக்கம் போதும்: ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல் ஸ்க்ரீனின் நடுவில் பிடித்துத் திறப்பது. ஸ்க்ரீனைப் பிடித்தபடி மிஷினையே தூக்குகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது, இது எனக்கு வருமானம்தான் என்று நினைத்துக்கொண்டாலும், சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

புது மிஷின் வாங்கும்போதும் இதே சோதனைதான். கடையில் ஷோவுக்கு வைத்திருக்கிற மிஷினை ஒரு கையால் திறந்து பாருங்கள், மூலையைப் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். கீபோர்டு நெளிந்தால் வேண்டாம்.

சூடு, உப்பு, கரண்ட்

எச்டபிள்யூமானிட்டர் என்ற ஆப் சூட்டைக் காட்டும். சும்மா இருக்கும்போது 45, 55 டிகிரி இருக்கலாம். நம் ஊர் மே மாதத்தில் 60 வந்தாலும் பதற வேண்டாம். வேலை செய்யும்போது 85 வரை சரி. சாதாரணமாக பிரவுசர் திறந்ததற்கே 95ஐத் தொட்டுக்கொண்டு, ஃபேனும் ஓயாமல் கத்தினால் ஹீட்சிங்க் வாயில் தூசி பாயாகப் படிந்திருக்கிறது, பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்திருக்கிறது. நூறை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். "மிஷின் ஸ்லோ" என்று வருகிறவற்றில் இந்த வகையும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றுங்கள். மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து ஓட்டாதீர்கள், காற்று உள்ளே போகிற வழி பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.

உப்புக்காற்றைப் பற்றி உள்நாட்டு ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளிலிருந்து வருகிற மிஷினைத் திறந்தால், கனெக்டர் கால்களில் பச்சையாகப் பூத்திருக்கும். யூஎஸ்பி போர்ட்டின் உலோகம் துருப்பிடித்திருக்கும். ராமைக் கழற்றி, கால்களை ஐபிஏ ஆல்கஹாலில் துடைத்துப் போட்டவுடன் உயிர் வந்த மிஷின்கள் நிறைய. கடலைப் பார்த்த ஜன்னலோரத்தில் மேஜை போடாதீர்கள். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் தினமும் ஓடுகிற மிஷினைவிட, மகன் வெளியூர் போனபின் பீரோவில் மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த மிஷின்தான் சீக்கிரம் கெடுகிறது. ஓடுகிற மிஷின் தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிவிடும். எடுத்து வைப்பதாக இருந்தால் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டுங்கள்.

கரண்ட் விஷயத்தில் இரண்டே சோதனை. மெட்டல் பாடியைத் தடவினால் விர்ரென்று கூச்சம் தெரிகிறதா? வீட்டில் எர்த் சரியில்லை, அல்லது மூணு பின் சார்ஜரை இரண்டு பின் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் வைத்து ஓட்டுகிறீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுத்தது சார்ஜர். முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டூப்ளிகேட் அடாப்டர்தான் நான் பார்த்த போர்டு ஷார்ட்டுகளில் பலவற்றுக்கு ஆரம்பம். ஸ்டிக்கரில் 19.5 வோல்ட் என்று போட்டிருக்கும், உள்ளே அந்த மின்சாரம் அலை பாய்ந்துகொண்டிருக்கும். அடாப்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எறும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீபோர்டின் மேல் முறுக்கும் மக்ரூனும் தின்கிற வீட்டு மிஷின்களுக்குள் சிற்றெறும்பு முட்டையோடு குடியிருக்கும். போர்டில் நசுங்கிச் செத்த எறும்பு ஷார்ட் ஆக்குவது வேடிக்கைக் கதையல்ல.

கூட்டிக் கழித்துப் பார்ப்பது

இப்போது உங்களிடம் விவரங்கள் இருக்கின்றன. நான் போடுகிற கணக்கு இப்படி. முதலில் மென்பொருள். உங்கள் வேலைக்குத் தேவையான சிஸ்டத்துக்கு எந்த வருஷம் வரை அப்டேட் வரும்? அதுதான் உச்சவரம்பு. அந்த வரம்பு ஒரு வருஷத்துக்கும் குறைவாக இருந்து, லினக்ஸும் உங்களுக்கு ஒத்துவராது என்றால், மிஷினில் பெரிய செலவு எதுவும் செய்யாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தால் பழுதுகளின் பட்டியலை எழுதுங்கள்: பேட்டரி இவ்வளவு, எஸ்எஸ்டி இவ்வளவு, ஹிஞ்ச் இவ்வளவு. அதே தலைமுறை மிஷின் செகண்ட்ஸில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். மொத்தச் செலவு அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். பாதியைத் தாண்டினால் வேண்டாம். இடையில் இருந்தால் பாடியைப் பாருங்கள். பாடி திடமாக இருந்தால் செய்யலாம், ஹிஞ்ச் பக்கம் ஏற்கனவே ஒட்டுப்போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஓர் உதாரணம். எட்டாம் தலைமுறை பிசினஸ் மிஷின், வயசு ஏழு. பேட்டரி 40 சதவீதம், எஸ்எஸ்டி நன்றாக இருக்கிறது, சூடு 90, ஹிஞ்ச் கல்லு மாதிரி. பேட்டரியும் பேஸ்டும் மாற்ற நாலாயிரத்துக்குள் ஆகும். இதை யோசிக்காமல் செய்யச் சொல்வேன், இன்னும் இரண்டு மூன்று வருஷம் வரும். இதற்கு எதிர் உதாரணம், நாலு வயசு மலிவு மிஷின்: ராம் 4 ஜிபி, அதுவும் போர்டிலேயே சால்டர் செய்தது, இடது ஹிஞ்ச் போய்விட்டது, பேட்டரி 55. வயசு குறைவு, விண்டோஸ் 11உம் ஓடும். ஆனாலும் இதில் காசு போடச் சொல்ல மாட்டேன். ராமை ஏற்ற வழியில்லாத 4 ஜிபி மிஷின் இப்போதே மூச்சு வாங்குகிறது.

போர்டு போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பிப் புது மிஷின் வாங்கிவிடாதீர்கள். சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் உள்ள சின்னப் பாகங்களையே மாற்றுகிற வேலை தெரிந்த ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். சார்ஜிங் பகுதியில் ஒரு சின்ன மாஸ்ஃபெட் போயிருந்தால் இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறில் முடியும். ஆனால் தண்ணீரோ டீயோ கொட்டி, அதன்பிறகும் இரண்டு நாள் ஓட்டிவிட்டுக் கொண்டு வந்த போர்டுக்கு நான் வாரண்டி தருவதில்லை. சரிசெய்தாலும் வேறோர் இடத்தில் அரித்துக்கொண்டே வரும். கொட்டிய உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வைத்து, அன்றைக்கே கொண்டு வந்தால் பிழைக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். அரிசித்தூள் போர்டில் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

செகண்ட்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் ஆறாம், ஏழாம் தலைமுறை பிசினஸ் மிஷின்கள் இப்போது மிக மலிவாகக் கிடைக்கின்றன. பாடி அருமையாக இருக்கும், விலை ஆசை காட்டும். விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லாததால்தான் கம்பெனிகள் மொத்தமாகத் தள்ளிவிடுகின்றன. லினக்ஸ் போட்டு ஓட்டப்போகிறவருக்கு அது நல்ல பேரம், டேலிக்காரருக்கு அல்ல. எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ராம் கழற்றி மாற்றக்கூடியதாக, எஸ்எஸ்டி ஸ்லாட் உள்ளதாகப் பாருங்கள். வாங்குவதற்கு முன் மேலே சொன்ன பேட்டரி ரிப்போர்ட்டை அங்கேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டுச் சந்தேகம் இருந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள். வரும்போது சார்ஜரையும் கொண்டு வாருங்கள். "ஆன் ஆகல" என்று வருகிற மிஷின்களில் கணிசமானவற்றுக்குப் பழுது அதில்தான் இருக்கிறது, அதை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.